எழுநூறு மில்லி

எங்கள் பக்கம் பாட்டிலில் அடைத்து விற்கிற இனிப்புத் தண்ணி எதுவானாலும் அதற்குக் கலர் என்றுதான் பெயர். ஆரஞ்சு கலர், மஞ்சள் கலர், கறுப்புக் கலர். விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் கலர் வாங்க ஆள் போய்விடும். முப்பத்தெட்டு வயதில் எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது சோற்றைக் குறைத்தது எனக்குக் கஷ்டமாக இல்லை. மற்றவர்கள் பணியாரம் தின்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததும் கஷ்டமாக இல்லை. கலரை விட்டதுதான் தாங்க முடியவில்லை.

இரண்டு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த பேக்கரியில் சர்க்கரையே போடாத கறுப்புக் கலர் வந்து இறங்கியது. குடித்துப் பார்த்தேன். அதே தித்திப்பு, சுர்ரென்று மூக்கில் ஏறுகிற அதே காரம். "டயட்டு சார். சுகர்காரங்க பயப்படாம குடிக்கலாம்" என்றார் கடைக்காரர். நானும் பயப்படாமல் குடித்தேன். ஒரு நாளைக்கு இரண்டு பாட்டில், வெயில் காலத்தில் மூன்று என்று பத்து வருஷம் குடித்தேன்.

எனக்கு வேளாண்மைத் துறையில் வேலை. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து பைக்கில் கிளம்பிக் கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து கல்வராயன்மலை ஏறுவேன். வெள்ளிமலை, கரியாலூர், அதற்கும் மேலே ரோடு போகாத ஊர்கள் எல்லாம் என் பொறுப்பு. சாமையும் தினையும் மரவள்ளியும் போடுகிற ஜனங்கள். யார் வீட்டுக்குப் போனாலும் கூழ் கரைத்துக் கொடுப்பார்கள். நான் பெரிய இவன் மாதிரி, "வேணாம்மா, எனக்குச் சுகரு" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து கறுப்புக் கலரை எடுத்து அவர்கள் எதிரிலேயே திறப்பேன். சுகரை நான் ஜெயித்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. கலரில்தான் சர்க்கரை இல்லையே என்று மாத்திரையை மறந்தேன், பரோட்டாவை மறக்கவில்லை.

ஐம்பதாவது வயதில் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. அதற்கப்புறம் படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்கியது. கிட்னி இரண்டும் போய்விட்டது, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் என்றார்கள். செவ்வாய் ஒரு நாள், வெள்ளி ஒரு நாள். முதல் நாளே டாக்டர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்.

"உங்களுக்கு இனிமே சிறுநீர் அதிகம் வராது. அதனால உள்ளே போறதைக் குறைக்கணும். ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி. தண்ணி, மோர், ரசம், மாத்திரை போடக் குடிக்கிறது எல்லாம் அதுக்குள்ள."

"கலரு சார்? டயட்டுதான்" என்றேன்.

"அதைத் தொடவே தொடாதீங்க. அந்தக் கறுப்புல இருக்கிற பாஸ்பரஸை வெளியேத்த உங்க உடம்புக்கு வழி கிடையாது."

"அதைக் குடிச்சித்தான் கிட்னி போச்சிங்களா?"

"சுகரும் பிரஷரும்தான் முக்கியக் காரணம். அது எவ்வளவு ஒத்தாசை பண்ணுச்சுன்னு யாரால சொல்ல முடியும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தாகத்தைப் பற்றி நான் என்ன எழுதினாலும் தண்ணீர் குடிக்க முடிகிறவர்களுக்குப் புரியாது. பசி வந்து அடங்கும். தாகம் அடங்காது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேசினால் வாயோரம் வெள்ளையாகப் படியும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி இருக்கும். ஒளித்து ஒளித்துக் கறுப்புக் கலர் வாங்கிக் குடித்தேன். வெள்ளிக்கிழமை எடை பார்க்கிற நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமலே, "மூணு கிலோ ஏத்திக்கினு வந்துருக்கீங்க. இன்னா குடிச்சீங்க?" என்று கேட்பார். எடை மிஷினிடம் பொய் சொல்ல முடியாது.

அந்த நாட்களில்தான் அது நடந்தது. என் மனைவி காலையிலேயே கொல்லைக்குப் போய் மல்லாட்டைக்குக் களை எடுத்துவிட்டு வெயிலோடு திரும்பி வந்தாள். எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம், எல்லாம் நிலக்கடலை. நான் படுத்த பிறகு அது முழுவதும் அவள் தலையில்தான். வந்தவள் பானையிலிருந்து சொம்பில் மொண்டு, நின்றவாக்கில் அண்ணாந்து குடித்தாள். மடக் மடக்கென்று தொண்டையில் இறங்கியது. கடைவாயில் வழிந்து கழுத்தில் ஓடியது. நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. எழுந்துபோய் அவள் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கி வாசலில் விட்டெறிந்தேன்.

"என்ன வெறுப்பேத்தறத்துக்குன்னே குடிக்கிறியா? கொல்லையில மோட்டார் இல்ல? அங்கயே குடிச்சித் தொலச்சிட்டு வர வேண்டியதுதான?"

அவள் வாசலுக்குப் போனாள். சொம்பை எடுத்து வந்து கழுவி வைத்தாள். அதற்கப்புறம் என் கண்ணெதிரில் அவள் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், மூன்றாம் நாள் ஒன்றும் நடக்காத மாதிரி பேசினேன்.

இப்படி அவள் கையிலிருந்து சொம்பைப் பிடுங்கியவனுக்குத்தான் அவள் கிட்னி கொடுக்கிறேன் என்றாள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள். ரத்தப் பிரிவு ஒன்று. பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "ரெண்டும் பளிச்சுனு இருக்கும்மா. ஒண்ணு குடுத்துட்டு இன்னொண்ணை வச்சு நூறு வயசு இருக்கலாம்" என்றார். எங்களுக்கு ஒரே மகள். எலவனாசூர்கோட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு இருபத்தாறு வயதிலேயே என் சொத்தாகச் சர்க்கரை வந்துவிட்டது. ஆக எனக்கு இருந்த ஒரே வழி என் மனைவியின் வயிற்றுக்குள் இருந்த அந்தக் கிட்னிதான். வேறு யாரும் கிடையாது.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில், "ஆபரேசன் முடிஞ்சதும் மொதல்ல இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு கொடம் தண்ணி குடிப்பேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆனால் டாக்டர் சரி என்றால் போதாது. அவள் என் மனைவிதான், காசுக்கு விற்க வந்தவள் இல்லை என்று கிராம அலுவலரிலிருந்து தாசில்தார் வரைக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை ஒரு குழு பார்த்துச் சம்மதிக்க வேண்டும். ஏற்கெனவே கொரோனா என்று ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் மறுபடி தொடங்கியது. கிராம அலுவலர் ஆபீஸ் முன்னால் ஒரு நாள், தாலுகா ஆபீஸ் முன்னால் ஒரு நாள் என்று எங்கள் ஜனம் மனுவோடு கூடியது. நான் என் மனுவை எடுத்துக்கொண்டு போனால் நூறு பேர் ஏற்கெனவே நிற்பார்கள். "நீங்களும் மனுவாண்ணே?" என்பார்கள். "ஆமாம்பா, நானும் மனுதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவேன்.

அவர்களைத் திட்டவும் எனக்கு வாய் கிடையாது. பதினேழு வயதில் இதே காரணத்துக்காக ரோட்டோரப் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே தள்ளியவர்களில் நானும் ஒருவன். கோடாலி பிடித்துக் கையில் கொப்புளம் வந்தது. அதனால் கிடைத்த ஒதுக்கீட்டில்தான் எனக்குச் சர்க்கார் வேலை வந்தது. இன்றைக்கு எனக்கு வருகிற சம்பளம், ஆஸ்பத்திரியில் காட்டுகிற காப்பீட்டு அட்டை, எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். அன்றைக்கு அந்த ரோட்டில் யாருக்கு என்ன அவசரம் இருந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்தது இல்லை.

இப்படிக் காகிதத்துக்கு அலைந்துகொண்டிருந்த சமயத்தில் கரியாலூருக்கு மேலேயிருந்து ஒரு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வயது என் மனைவியைவிட ஐந்தாறு கூட இருக்கும். மலையிலிருந்து புளியும் கடுக்காயும் கொண்டுவந்து சந்தையில் விற்றுவிட்டு, என் உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். காய்ந்த பச்சை இலை.

"சார் குடுத்த செடிதான். ஞாபகம் இருக்குங்களா?"

இருந்தது. எப்படி மறக்கும்? பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு திட்டத்தில் மலையில் இருபது குடும்பத்துக்குச் சீனித்துளசி நாற்று கொடுத்தேன். சர்க்கரையைவிடப் பல மடங்கு தித்திக்கிற இலை, உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்று மேலிடத்தில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். யாரும் வந்து எடுக்கவில்லை. ஜனங்கள் என் முகத்துக்காக ஒரு வருஷம் பார்த்துவிட்டு உழுது போட்டுவிட்டார்கள். இந்த அம்மா மட்டும் பாத்திரம் கழுவுகிற தண்ணி போகிற இடத்தில் நாலு செடியை விட்டு வைத்திருக்கிறார்.

"டீயில ரெண்டு எல போட்டா போதுங்க, சக்கர வேணாம். எங்கூட்டுக்காரரு அதத்தான் குடிக்கிறாரு" என்று சொல்லிவிட்டு, என் மனைவி கொடுத்த மோரைக் குடித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதல் நாள் அந்த டீ எனக்குப் பிடிக்கவே இல்லை. தித்திப்பு நாக்கில் மெதுவாக வந்து, போகாமல் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் லேசாக ஒரு கசப்பு. "இது டீயா, கஷாயமா?" என்று டம்ளரைத் தள்ளினேன். என் மனைவி மறுநாள் ஒரே ஒரு இலை போட்டாள். அதற்கு மறுநாள் டீத்தூளைக் கூட்டிப் போட்டாள். பால் ஊற்றவில்லை, பாலும் எனக்கு ஆகாது. ஒரு வாரத்தில் பக்குவம் கைவந்துவிட்டது. கறுகறுவென்று, கொதிக்கக் கொதிக்க, தித்திப்பாக.

அவளுக்கு இன்னொரு யோசனையும் வந்தது. மெடிக்கல் கடையில் கோடு போட்ட அளவு டம்ளர் ஒன்று வாங்கி வந்தாள். காலையில் நூறு மில்லி சூடாக. சாயந்தரம் நூறு மில்லி சூடாக. இன்னொரு நூற்றைம்பதை ஆற வைத்து ஐஸ் தட்டில் ஊற்றிப் பிரிட்ஜில் வைத்துவிடுவாள். பத்துக் கட்டி வரும். தாகம் தாங்க முடியாதபோது ஒன்றை வாயில் போட்டு அடக்கிக்கொண்டால் பத்து நிமிஷம் ஓடும். குடித்தால் ஒரே வாயில் தீர்ந்துபோகிற தண்ணீர், கட்டியாக இருந்தால் ஒரு பகல் முழுவதும் வந்தது. மீதி முந்நூற்றைம்பதில் சோறும் மாத்திரையும்.

கறுப்புக் கலரை விட்டேன். சத்தியமாக விட்டேன். அடுத்த மாதம் நர்ஸ் எடையைப் பார்த்துவிட்டு, "பரவால்லையே, ஒன்ற கிலோதான் ஏறிக்கிது" என்றார். பத்தாம் வகுப்பு பாஸான மாதிரி இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, "ஆபரேசன் வரைக்கும் இப்பிடியே ஓட்டிக்கலாங்க" என்றாள். அந்த நாலைந்து மாதம்தான் இந்த நோயில் நான் சந்தோஷமாக இருந்த காலம்.

அவளும் அதே டீக்கு மாறிக்கொண்டாள். எனக்கு ஊற்றிவிட்டுத் தனக்கும் அதே அளவு டம்ளரில், அதே நூறு கோட்டுக்கு ஊற்றிக்கொள்வாள். எனக்கு எதிரில் உட்கார்ந்து, நான் ஒரு வாய் குடித்தால் அவள் ஒரு வாய் குடிப்பாள். பகலில் கொல்லைக்குப் போகும்போது முந்தானையில் நாலு ஐஸ் கட்டியைத் துணி சுற்றி எடுத்துக்கொண்டு போவாள். எங்கள் பக்கத்துப் பொம்பளைகள் புருஷன் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார்கள், புருஷன் விரதம் என்றால் தானும் விரதம் இருப்பார்கள். அந்தப் பழக்கம்தான் இது என்று நினைத்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தண்ணீரை அவள் கொல்லையிலோ சமையல்கட்டிலோ குடித்துக்கொள்வாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

போராட்டம் ரோட்டுக்கு வந்த அன்று வெள்ளிக்கிழமை. டயாலிசிஸ் நாள். ஆட்டோ கூட்டு ரோட்டைத் தாண்ட முடியவில்லை. ஐந்நூறு பேர் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முந்தின நாளே மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. இறங்கிப்போய்க் கேட்டேன். முன்வரிசையில் இருந்தவன் எனக்குத் தெரிந்தவன்தான், தூரத்து உறவு.

"ஆம்புலன்சுன்னா வுட்டுருவோம்ணே. ஆட்டோவ வுட்டா பின்னாடியே எல்லாம் வருவான். நீங்களே எங்களுக்குச் சொல்லணும், நீங்க போயி இப்பிடிக் கேட்டா எப்பிடி?"

"டயாலிசிஸ்பா."

"இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்துக்கங்கண்ணே. நம்ம பசங்களுக்காகத்தான் குந்திக்கினு இருக்கோம்."

ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமானது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் என் மிஷினில் வேறு ஆளைப் படுக்க வைத்துவிட்டதாகவும் இனி செவ்வாய்க்கிழமைதான் என்றும் சொன்னார்கள். திரும்பி வந்தோம். செவ்வாய் வரைக்கும் நாலு நாள். என் மனைவி அளவை நானூறாகக் குறைத்தாள். சூடான டீ கிடையாது, ஐஸ் கட்டி மட்டும். படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு கட்டி, அவளுக்கு ஒரு கட்டி. நான் பாவி, அந்த நாலு நாளும் என் பக்கத்தைவிட்டு நகராமல் இருந்தவள் எங்கே போய்த் தண்ணீர் குடித்திருப்பாள் என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் உயிர்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு தனி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. ஊரில் வெடி வைத்தார்கள், வீடு வீடாக லட்டு கொடுத்தார்கள். நான் ஒன்றை வாங்கி என் மகள் வீட்டுக் குழந்தைக்கு வைத்தேன். அந்த வருஷம் முடிவதற்குள் சட்டம் செல்லாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. ரோட்டில் என்னை நிறுத்திய அந்த உறவுக்காரன் வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "கிட்ட வந்து போயிடுச்சிண்ணே" என்றான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த மாதமே எங்களுக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. காகிதங்கள் எல்லாம் சரியாகிவிட்டன, குழு சம்மதித்துவிட்டது, கடைசியாக ஒரு முறை அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்துவிட்டுத் தேதி குறிக்கலாம் என்றார்கள். என் மனைவி குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். கொஞ்ச நாளாகவே அவளுக்குக் குறுக்கு வலி இருந்தது. களை எடுக்கிறவளுக்குக் குறுக்கு வலி வராமல் என்ன செய்யும் என்று நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன்.

அதே டாக்டரம்மாதான். ஸ்கேன் படத்தை இரண்டு முறை பார்த்தார். பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டு என் மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் கல் இருக்கும்மா. நிறைய. இடது பக்கம் ஒண்ணு குழாயை அடைச்சு, கிட்னி வீங்கிப் போயிருக்கு. ஒண்ணரை வருஷத்துக்கு முன்னாடி இதுல எதுவுமே இல்லையே. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"என்னைப் பாருங்கம்மா. எவ்வளவு?"

"இவருக்கு எவ்ளோவோ அவ்ளோதாங்க."

"அப்படின்னா?"

"எழுநூறு மில்லிங்க. கொல்லையில வேலை இருந்தா ஒரு நூறு ஜாஸ்தி."

"தண்ணியா?"

"தண்ணி குடிக்கறதில்லிங்க. இவருக்குப் போடற டீயே எனக்கும் போட்டுக்குவேன்."

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். வெயிலில் வேலை செய்கிறவள் தண்ணீர் இல்லாமல் கெட்டியான டீயை மட்டும் குடித்தால் இந்த மாதிரிக் கல்தான் கட்டும் என்று எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். கல்லை உடைத்து எடுக்கலாம். ஆனால் இப்படிக் கல் கட்டுகிற உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டு, இன்னொன்றை மட்டும் நம்பி அவளை அனுப்ப முடியாது. அது சட்டமும் இல்லை, தர்மமும் இல்லை என்றார்.

"பரவால்லிங்க, எடுத்துக்கங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள் என் மனைவி. டாக்டரம்மா தலையை ஆட்டினார்.

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். பத்துப் பேர் பார்க்கிற இடம் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

"யாருடி உன்னக் குடிக்காதன்னு சொன்னது? எனக்குத்தான் கெடயாது, உனக்கு இன்னா கேடு?"

கேட்டு முடிப்பதற்குள் யார் சொன்னது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "நீங்க நாக்கு வறண்டு குந்திக்கினு இருக்கசொல்ல எனக்குத் தொண்டயில எறங்கலிங்க" என்றாள். அப்புறம், "உங்குளுக்கு வச்சிருந்ததையும் நானே கெடுத்துட்டேன்" என்று அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். கல்யாணம் ஆகி முப்பது வருஷத்தில் அவள் எதிரில் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

இறந்தவர்களின் கிட்னிக்காகப் பதிந்து வைத்திருக்கிறோம். எனக்கு முன்னால் இருக்கிற வரிசை நீளம். என் வயதுக்கும் சர்க்கரைக்கும் அது வந்து சேரும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்பதை விட்டுவிட்டேன். என் மனைவிக்குக் கல்லை உடைத்து எடுத்தாயிற்று. அவள் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், டீ ஆகாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விட்டால் குடிக்க மாட்டாள். அதனால் இப்போது எனக்கு அது ஒன்றுதான் வேலை. காலையில் டீக்கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, பானைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அவளை எதிரில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

அவள் குடிக்கிறாள். மடக் மடக்கென்று தொண்டையில் இறங்குவதை நான் முகத்தைத் திருப்பாமல் பார்க்கிறேன். இரண்டாவது சொம்பில் பாதியிலேயே, "போதுங்க, வயிறு ரொம்பிப் போச்சு" என்கிறாள்.

"இன்னும் ஒரு டம்ளர் குடி" என்று நானே மொண்டு கொடுக்கிறேன்.